ஒண்ணேகால் டன்

கமால் பாய்க்கு உலகத்தில் யாரையும் பிடிக்காது என்று ராயபுரத்தில் ஒரு பேச்சு உண்டு. அது சரியல்ல. பொய் சொல்கிறவர்களை மட்டும்தான் அவருக்குப் பிடிக்காது. ஆனால் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரேக் சாமான் கடையில் இருபத்தேழு வருஷமாகக் கவுண்டரில் நிற்கிறவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கடைக்கு வருகிற ஒவ்வொரு பிக்கப் வண்டிக்காரனிடமும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எவ்ளோ லோடு ஏத்துவே?"

"ஒரு டன்னு பாய்." சொல்லும்போதே அவன் கண் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டருக்குப் போகும். வெளியே நிற்கிற வண்டியின் பின்பக்கம் தரையோடு தரையாகப் படுத்திருக்கும். எண்ணூர் ரோட்டில் போலீஸ்காரரிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில் அது. பிரேக் வாங்க வந்த இடத்திலும் அதையே சொல்கிறானே, இவனைவிட ஒரு அடிமுட்டாள் இருப்பானா என்று கமால் பாய் ஒவ்வொரு முறையும் ஆச்சரியப்படுவார். டாக்டரிடம் போய்த் தலைவலியை மறைத்து வயிற்றுவலி என்று சொல்கிறவனுக்கு என்ன மருந்து கொடுப்பது?

விஷயம் என்னவென்றால், முன்சக்கரத்தில் சுற்றும் இரும்புத் தட்டுக்கு டிஸ்க் என்று பெயர். அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிப்பது பேடு. பேடில் மெத்து உண்டு, கெட்டி உண்டு. மெத்துப் பேடு தொட்டவுடன் கவ்வும். ஆனால் பாரம் மிஞ்சினால் சூடேறி வழுக்கிவிடும். கெட்டிப் பேடு எவ்வளவு சூட்டையும் தாங்கும். ஆனால் சூடு ஏறினால்தான் அதற்கு வேலை செய்யவே மனசு வரும். ஆறிக் கிடக்கும்போது அழுத்தினால் யோசித்துக்கொண்டு நிற்கும், டிஸ்க்கையும் சுரண்டித் தின்னும். ஆகவே பாரம் எவ்வளவு என்று தெரியாமல் பேடு கொடுக்க முடியாது. அந்த ஒரு எண்ணைத்தான் ஒருத்தனும் உண்மையாகச் சொல்ல மாட்டேன் என்கிறான்.

எண்பத்து நாலில் ஒருவன் சொன்னதை அப்படியே நம்பிச் சாமான் கொடுத்தார். ஒன்றரை டன் என்றவன் ஏற்றியது மூன்று டன் கம்பி. மேம்பால இறக்கத்தில் பிரேக் புகைந்து, முன்னால் போன மாட்டு வண்டியில் இடித்துவிட்டு, நேராகக் கடைக்கு வந்து கமால் பாயைப் பத்துப் பேர் பார்க்கக் கன்னத்தில் அறைந்தான். பொய் அவனுடையது, கன்னம் இவருடையது. அன்றைக்கு முடிவு செய்தார்: இனி எவன் எதைச் சொன்னாலும் அதை இரண்டால் பெருக்கிக்கொள்வது. ஒன்று என்றால் இரண்டு. ஒன்றரை என்றால் மூன்று. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சந்தேகம் வந்தால் வெளியே போய்க் குனிந்து பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டைகளை எண்ணுவார். கம்பெனி வைத்ததற்கு மேல் எத்தனை பட்டை சேர்த்திருக்கிறானோ அத்தனை பொய். பத்தொன்பது வருஷம் இந்தப் பெருக்கல் ஒரு தடவைகூடப் பிசகவில்லை. "கமால் பாய் கொட்த்தா கரீட்டா இருக்கும்" என்று காசிமேடு முதல் மணலி வரைக்கும் சொன்னார்கள். அவருக்கு வேறு சொத்து எதுவும் கிடையாது.

பழைய முதலாளி போய்விட்டார். இப்போது கல்லாவில் உட்கார்ந்திருப்பது அவர் மகன் சுஃபியான். டிஸ்க் எது, அதை மூடி வரும் அட்டைப் பெட்டி எது என்று தடவிப் பார்த்துத்தான் அவனால் சொல்ல முடியும் என்பது கமால் பாயின் அபிப்பிராயம். அதை அவர் அவனிடமே சொல்லியிருக்கிறார்.

சுனாமிக்கு முந்தின வருஷம், ஆடி முடிந்த சமயம், காத்திவாக்கத்திலிருந்து பூவம்மா வந்தாள். எண்ணூர்க் கழியில் பிடிக்கிற இறாலை வாங்கிக் காசிமேட்டு ஏலத்துக்குக் கொண்டுவருகிறவள். அப்போதுதான் பழைய பிக்கப் ஒன்று வாங்கியிருந்தாள். அவள் வீட்டுக்காரர் அருள்பிரகாசம் ஓட்டுவார். பக்கத்தில் அவள் உட்கார்ந்து வருவாள். பேடும் டிஸ்க்கும் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும் என்றாள்.

"எவ்ளோ லோடும்மா?"

அவள் காலண்டரைப் பார்க்கவில்லை. கமால் பாயின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "எறா பொட்டி பதினாறு பாய். பொட்டிக்கு நாப்பது கிலோ. ஐஸு ஒம்பது பாரு, ஒரு பாரு அம்பது கிலோ. எங்க வூட்டுக்காரரு அம்பத்தெட்டு. நானு எழுவத்தி ரெண்டு. கூடை, தார்ப்பா, அது இதுன்னு ஒரு முப்பது வெச்சிக்க. எல்லாம் சேத்து ஒண்ணேகால் டன்னு."

கமால் பாய் அசந்துதான் போனார். எத்தனையோ பொய்யர்களைப் பார்த்திருக்கிறார். ஆனால் தன் உடம்பு எடையையும் கூட்டிச் சொல்கிற அளவுக்கு வீட்டிலேயே உட்கார்ந்து தயார் செய்துகொண்டு வந்த பொய்யை அவர் பார்த்ததில்லை. பெரிய கைகாரி என்று நினைத்துக்கொண்டார். வெளியே போய்க் குனிந்து பார்த்தார். கம்பெனி வைத்ததற்கு மேல் இரண்டு பட்டை புதிதாக உட்கார்ந்திருந்தது. எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. ஒண்ணேகால் என்றால் இரண்டரை. மணலியிலிருந்து பழைய இரும்பு ஏற்றுகிறவர்களுக்குக் கொடுக்கும் கெட்டிப் பேடை எடுத்தார். இருப்பதிலேயே கனமான டிஸ்க்கை எடுத்தார்.

"இது எங்க லோடுக்கு சரியா இருக்குமா பாய்?"

"உன் லோடு இன்னான்னு எனக்குத் தெரியும்மா. எட்த்துகினு போ."

இரண்டு மாசத்தில் திரும்பி வந்தாள். பிரேக் பிடித்தால் கீச்சென்று கத்துகிறது என்றாள். "ஏத்தறது ஏத்திகினா கத்தத்தான் செய்யும்" என்று அனுப்பிவிட்டார். அப்புறம் ஒரு மாசம் கழித்து வந்தாள். டிஸ்க் முழுக்கக் கோடு கோடாகச் சுரண்டியிருந்தது. புது டிஸ்க் கொடுத்தார், பேடு அதே கெட்டிதான். அவள் போகும்போது வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னாள்.

"காலீல மொதோ தபா அமுக்கினா புடிக்க மாட்டேங்குது பாய். நாலு தபா அமுக்கினதுக்கப்பால புடிக்குது. அது ஏன்?"

பிரேக் தொழிலில் ஒரு வருஷம் இருந்தவனுக்குக்கூட இந்த ஒரு வார்த்தை போதும். பேடு சூடேறுகிற அளவுக்கு வண்டியில் பாரமே இல்லை என்று அர்த்தம். கமால் பாய்க்கும் அர்த்தம் தெரியும். ஆனால் கேட்டால்தானே? பொய் சொல்கிறவள் என்று முடிவு கட்டிய ஆளின் பேச்சை அவர் காது வாங்குவதை நிறுத்தி மூன்று மாசம் ஆகியிருந்தது. "டிரைவருக்கு அமுக்கத் தெரியலம்மா" என்றார்.

மார்கழியில் ஒருநாள் காலை, கண்டெய்னர் லாரி நெரிசலில் வெகுநேரம் நின்றுவிட்டு வந்த பிறகு, காசிமேட்டு ஏலக் கூடத்துக்கு இறங்கும் சரிவில் அருள்பிரகாசம் பிரேக்கை அழுத்தினார். வண்டி நிற்கவில்லை. எதிரே கூடைகளோடு ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டியரிங்கை ஒடித்து மதில் சுவரில் கொண்டுபோய் மோதினார். பெண்களுக்கு ஒன்றும் இல்லை, பூவம்மாவுக்கு நெற்றியில் வீக்கம். அருள்பிரகாசத்துக்கு வலது முட்டிச் சில்லு இரண்டாகப் போயிற்று. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, இனி எழுந்து நடப்பதைப் பற்றி மூன்று மாசம் கழித்துப் பேசலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் பூவம்மா கடை வாசலில் வந்து நின்றாள். "டூப்ளிகேட்டு சரக்க குட்த்து எங்க வூட்டுக்காரரு கால ஒடச்சிட்டியே பாய். உன்ன நம்பித்தானே அதுல ஏறிக் குந்திகினு போனேன்" என்றாள். அழவில்லை. கல்மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னாள்.

ஒரு வாரத்தில் காசிமேட்டு மீன் வண்டிகள் கடைக்கு வருவது நின்றது. எதிர்ப்பக்கத்துக் கடையில் கூட்டம். சுஃபியான் முதல்முறையாகக் கல்லாவிலிருந்து எழுந்து கவுண்டருக்கு வந்தான்.

"பாய், அந்தம்மா சொல்றது பொய்யின்னு எல்லாருக்கும் தெரியற மாரி காட்டுங்க. காட்ட முடியலியா, வூட்ல ரெஸ்ட் எடுங்க. வாப்பா காலத்து ஆளுன்னு நானும் பாத்துகினு கீறேன். ஆனா சரக்கு டூப்ளிகேட்டுன்னு பேரு வந்தா கடைய மூடவேண்டியதுதான்."

கமால் பாய் கோபப்படவில்லை. உள்ளுக்குள் அவருக்குக் குஷிதான். இத்தனை வருஷம் பொய்யர்களைச் சகித்துக்கொண்டே இருந்தாயிற்று. ஒருத்தியையாவது ஊர் பார்க்கப் பிடித்து நிறுத்த அல்லா ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறான் என்று நினைத்தார். "எட மேடைக்கு வரச் சொல்லு. லோடு ஏத்தி நிறுத்துவோம். அந்தம்மா சொன்ன ஒண்ணேகாலுக்கு மேல இல்லன்னா நான் கடைய வுட்டுப் போறேன்" என்று ஆள் சொல்லி அனுப்பினார். பூவம்மா மாட்டேன் என்பாள், அத்தோடு கதை முடிந்தது என்று எதிர்பார்த்தார். அவள் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள்.

சாட்சிக்குக் காசிமேட்டு வண்டிக்காரர்கள் நாலு பேரை அவரே கூப்பிட்டார். நாலு பேரும் அவரிடம் ஆண்டுக் கணக்கில் ஒரு டன் என்று சொன்னவர்கள். திருவொற்றியூர் எடைமேடையில் காலை ஏழு மணிக்கு வெறும் வண்டியை நிறுத்தினார்கள். சுவரில் மோதிய முன்பக்கத்தைத் தட்டி நிமிர்த்தியிருந்தார்கள். பேடும் டிஸ்க்கும் அதேதான். பூவம்மா அதைத் தொடவிடவில்லை. வெறும் வண்டி ஆயிரத்து அறுநூற்று இருபது கிலோ. லோடு ஏற்றுகிறபோது திருட்டுத்தனம் நடக்கக் கூடாதே என்று கமால் பாய் காத்திவாக்கம் வரை தானும் வருகிறேன் என்றார். கேபினில் கூலி டிரைவருக்கும் பூவம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

காத்திவாக்கத்தில் பெட்டி ஏறியது. அவர் விரல் விட்டு எண்ணினார், பதினாறு. ஐஸ் ஏறியது, ஒன்பது பார். இன்றைக்கு நமக்காகக் குறைத்து ஏற்றுகிறாள் என்று அவருக்குத் தோன்றியது. ஐஸ் வண்டிக்காரனைத் தனியே கூப்பிட்டு, "தெனம் எவ்ளோ எட்த்துக்குவாங்க, மறைக்காம சொல்லு" என்று அதட்டினார்.

"ஒம்பதுதான் பாய். பத்தா குட்த்தா ஒண்ண திருப்பிக் குட்த்துடும் அந்தக்கா. வண்டி தாங்காதுன்னு."

வண்டி கிளம்பியது. குப்பத்துச் சந்தைத் தாண்டித் திரும்பும் இடத்தில் வலை மூட்டையோடு ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டி குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக்கை அழுத்தினான். வண்டி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கமால் பாயின் இரண்டு காலும் தாமாகவே கேபின் தரையை உதைத்தன. இன்னொரு முறை அழுத்தி, கியரைக் குறைத்து, மீன்பாடிக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. பூவம்மா டாஷ்போர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"இதான் பாய் நான் சொன்னேன்" என்றாள். "மொதோ தபா புடிக்காது."

அந்த நிமிஷத்தில் கமால் பாய்க்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. எடை போடாமலே தெரிந்துபோயிற்று. காலை நேரத்துக் கடல் காற்று, ஆறிக் கிடக்கும் டிஸ்க், பாதி பாரம், இரும்பு ஏற்றுகிறவனின் பேடு. கடையில் நாலாவது அடுக்கில் கிடக்கும் சாதாரண மெத்துப் பேடைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்திருந்தாலும் அருள்பிரகாசம் இன்றைக்கு நடந்துகொண்டிருப்பார். கடைசியாக ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தார்.

"பட்டை ரெண்டு எதுக்கும்மா எச்சா போட்டுகிறே?"

"நானு எங்க போட்டேன்? மாத்தூர்ல இரும்பு யாவாரி கையில வாங்கின வண்டி பாய். அந்தாளு போட்டது. கழட்டினா செலவுன்னு வுட்டுட்டேன். அதுவும் தப்பா?"

"இல்லம்மா" என்றார்.

எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. இடதுபக்கம் அலை கருங்கல்லில் மோதிக் கேபின் கண்ணாடிவரை தெறித்தது. திருவொற்றியூர் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. உண்மையைச் சொல்ல மனசைத் தேற்றிக்கொள்வதற்கு அது தாராளமான நேரம். கமால் பாய் அந்த நேரத்தை வேறு விதமாகப் பயன்படுத்தினார். பொய்யர்களோடு இருபத்தேழு வருஷம் பழகியவருக்கு எந்தப் பொய் நிற்கும், எது நிற்காது என்று சொல்லித்தர வேண்டுமா என்ன? விவரம் குறைவாக இருக்க வேண்டும், பழி கண்ணுக்கெட்டாத இடத்தில் விழ வேண்டும். திருவொற்றியூர் வருவதற்குள் அது தயாராகிவிட்டது.

எடைமேடையில் கமால் பாய் இறங்கிக்கொண்டார். "நானும் டிரைவரும் உக்காந்துகினே இருக்கணும் பாய், எங்களையும் சேத்துத்தான் சொன்னேன்" என்று பூவம்மா இறங்க மறுத்தாள். சீட்டு வந்தது. சுஃபியான் வாங்கி உரக்கப் படித்தான். மொத்தம் இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது. வெறும் வண்டியைக் கழித்தால் ஆயிரத்து இருநூற்று முப்பது.

"இருவது கிலோ கொறையுதே" என்றாள் பூவம்மா, யோசனையோடு. "ஐஸு கரைஞ்சிருக்கும்."

சாட்சிக்கு வந்த நாலு பேரும் கமால் பாயைப் பார்த்தார்கள். சுஃபியானும் பார்த்தான். ஒண்ணேகால் டன் என்று ஒருத்தி சொன்னால் ஒண்ணேகால் டன்தான் இருக்கிறது. அப்படியானால் தப்பு எங்கே? அந்த ஐந்து பேருக்கும் பேடைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் மனசுக்குள் போட்ட பெருக்கலை மனிதர் யாரும் பார்க்கவில்லை. இதை நினைத்தபோது அவருக்கு உள்ளே என்னவோ கூசியது. ஆனாலும் தைரியம் வந்துவிட்டது.

"அந்தம்மா சொன்னது நெஜம்தான்" என்றார் உரக்க. பெருந்தன்மையோடு சொல்வது போல இருந்தது. "வர்ற வயியில நானே பாத்துட்டேன். பேடு டூப்ளிகேட்டு இல்ல, ஒரிஜினலுதான். ஆனா அந்தத் தபா வந்த சரக்கே சரியில்ல. ஃபேக்டரிலயே எதையோ மாத்திக் கலந்துட்டானுங்க. வெளிய பாத்தா யாருக்கும் தெரியாது. வேற சரக்கு மாத்தித் தர்றேன், துட்டு வோணாம்."

வண்டிக்காரர்களில் ஒருவன் தலையை ஆட்டினான். "பெரிய பெரிய கம்பெனியெல்லாம் இப்போ இப்பிடித்தான் மாமு பண்றான்" என்றான் இன்னொருவன். சுஃபியான் பெருமூச்சு விட்டு, "பாய் கண்டுபுடிச்சிட்டாரு பாத்தீங்களா" என்றான். கடையை விட்டுப் போகிறேன் என்று அவர் சொல்லி அனுப்பியதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. கமால் பாயின் பேர் அங்கேயே, எடைமேடையின் மேலேயே, முன்னைவிட ஒரு பிடி உயர்ந்து நின்றது.

அங்கேயே ஓரமாக வண்டியை நிறுத்தி, கடையிலிருந்து மெத்துப் பேடு தருவித்து, அவர் கையாலேயே மாட்டினார். டிரைவரை ஓட்டிக் காட்டச் சொன்னார். தொட்டவுடன் நின்றது. பூவம்மா கீழே நின்று அதைப் பார்த்தாள். அப்புறம் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அவரிடம் வந்தாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துப் பேசினாள்.

"கம்பெனிக்காரன் பண்ண தப்புக்கு நீ இன்னா பண்ணுவே பாய். நானு ஒண்ணும் தெரியாம உன் கட வாசல்ல நின்னு கத்திட்டேன். உன் பேர ஹார்பர் பூரா கெடுத்துட்டேன். மனசுல வெச்சிக்காதே."

கமால் பாய் ஸ்பேனரைத் துடைத்தார். அதில் அழுக்கு இல்லை.

"எங்க வூட்டுக்காரரு கட்டில்ல படுத்துகினு தெனம் உன்னத்தான் திட்டிகினு கீறாரு. கால் வலி வந்தா உன் பேரத்தான் சொல்லுவாரு. இன்னிக்குப் போய் சொல்லிடறேன். உன் மேல தப்பே இல்லன்னு சொல்லிடறேன் பாய்."

அவள் பதிலுக்காக நின்றாள். சாட்சிகள் டீ குடிக்கப் போயிருந்தார்கள், சுஃபியான் போனில் பேசிக்கொண்டிருந்தான். கேட்கிறதற்கு அவளைத் தவிர யாருமில்லை.

"சொல்லிடும்மா" என்றார் கமால் பாய்.